எல்லையின் இரண்டு பக்கமும் பேருந்து ஓடுகிறது, பாலத்தின் மேல் மட்டும் ஏன் இல்லை?

ஆற்றோரம்:
நான் இருப்பது எல்லை ஆற்றுக்கு இந்தக் கரை, வேலை அந்தக் கரையில். எங்கள் பேருந்து பாலத்துக்கு முன்பே திரும்பிவிடும், அவர்களுடையதும் அப்படித்தான். நடுவில் மழையோ வெயிலோ நடைதான். என்னோடு வரும் ஓர் அம்மாவுக்கு முழங்கால் வலி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பார். இங்கே செல்லுபடியாகும் அவருடைய முதியோர் சலுகை அட்டை பாலம் தாண்டினால் செல்லாது. மாலையில் அந்தக் கரை வண்டி வந்து, நாங்கள் நடந்து சேர்வதற்குள் எங்கள் பேருந்து கிளம்பிவிடுகிறது. இரண்டு நகராட்சிகளுக்கும் மனு கொடுக்கப் போகிறோம். டிராம் கேட்கலாம் என்கிறார்கள் சிலர். எதைக் கேட்டால் நடக்கும்?

அட்டவணைக்காரர்:
கால அட்டவணை போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், டிராமை முதலில் கேட்காதீர்கள். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் (ஓடர்) நகரத்துக்கும் போலந்தின் ஸ்வூபிட்ஸேவுக்கும் நடுவே ஓர் ஆற்றுப் பாலம்தான். அங்கேயும் டிராம் யோசனை வந்தது. 2006இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். 2012இல் 983 என்ற எண்ணில் சாதாரணப் பேருந்து பாலத்தைத் தாண்டி ஓடத் தொடங்கியது. டிராமே கூடாது என்று சொல்லவில்லை. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து 2017இல் ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகரம் வரை டிராம் போனது, அடுத்த வருடமே அங்குள்ள நகராட்சி மன்றம் வரை நீண்டது. ஆனால் அதற்குப் புதுப் பாலமே கட்ட வேண்டியிருந்தது.

உங்கள் பேருந்து பாலத்துக்கு முன்பே திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் பணமும் பெர்மிட்டும்தான். மானியம் எல்லைக்கோடு வரை ஓடும் தூரத்துக்கு மட்டும் என்றால், அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் நஷ்டக் கணக்கில் விழும். அடுத்த நாட்டுக்குள்ளேயே ஓர் ஆளை ஏற்றி அங்கேயே இறக்கிவிடவும் பல இடங்களில் தனி அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தக் கரையில் பாதி காலியாகத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் மனுவில், நஷ்டத்தை எந்த விகிதத்தில் பங்கிடுவது என்று இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைக் கட்டாயம் சேருங்கள். அது இல்லாத ஒப்பந்தம் அடுத்த பட்ஜெட்டைத் தாண்டாது.

இருகரை:
சோதனைச் சாவடி உண்டா? அதைப் பொறுத்து எல்லாமே மாறும். சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜொகூருக்கும் நடுவிலுள்ள பாலத்தில் பேருந்தில் போகிறவர்கள் மூட்டையோடு இறங்கிச் சோதனை முடித்து, மறுபடி ஏறி, அந்தப் பக்கம் திரும்ப இறங்க வேண்டும். அதே இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் என்ற ரயில் பாதையில் இரு நாட்டுச் சோதனையையும் புறப்படும் நிலையத்திலேயே முடிக்கும்படி திட்டமிட்டது அதனால்தான். இதற்கு நேர்மாறாக, டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே பாலம், ரயில் எல்லாம் இருந்தும் 2016இல் ஸ்வீடன் அடையாளச் சோதனை கொண்டுவந்ததும் தினசரிப் பயணிகள் தவித்துப்போனார்கள். சோதனைக்கு ஆகும் நேரத்தையும் அட்டவணையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆற்றோரம்:
சாவடி இல்லை, தாராளமாக நடக்கலாம். அப்படியானால் பேருந்தையே கேட்கிறோம். சலுகை அட்டைக்கு வழி உண்டா?

அட்டவணைக்காரர்:
அது கொஞ்சம் கடினம். லக்சம்பர்கில் 2020லிருந்து பொதுப் போக்குவரத்து இலவசம். அங்கேயே எல்லைக்கு வெளியே உள்ள தூரத்துக்குச் சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் அட்டையை முழுவதும் ஏற்கச் சொல்லாமல், மறுகரையின் முதல் சில நிறுத்தங்கள் வரை ஏற்கச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு வரும் என்று அவர்களால் கணக்குப் போட முடியும், மறுப்பது சிரமம்.

அப்புறம், மாலைப் பேருந்தைச் சற்றுத் தாமதமாகக் கிளப்புங்கள் என்பதைத் தனி மனுவாகவே கொடுங்கள். அதற்கு ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை, உங்கள் பக்கத்துப் பணிமனையே முடிவெடுக்கலாம். ஓட்டுநரின் பணிநேரம் இடிக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் தட்டும்.

பெரிய மனுவோடு, பாலத்தில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்ற கணக்கையும் வையுங்கள். பள்ளிகள் திறந்திருக்கும் வாரத்தில், காலை மாலை இரண்டு வேளையும் எண்ணுங்கள். எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். கேள்வித்தாள் இரண்டு கரை மொழியிலும் இருக்கட்டும்.