டிபி சூப்பர்வைசர் வேலை எப்படி? பார்த்தவர்கள், பழகியவர்கள் சொல்லுங்கள்

சாத்தூர் மாமா:
அக்கா பையன் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கும் அறிவிப்பு ஒன்றில், காசநோய்ப் பிரிவுக்கு முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர் என்று ஒரு பணியிடம் இருக்கிறது. தகுதி என்று பார்த்தால் ஏதாவது ஒரு பட்டம், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற சுகாதார ஆய்வாளர் படிப்பு, அதோடு கம்ப்யூட்டர் சான்றிதழ், நிரந்தர டூவீலர் லைசென்ஸ். சமூகப்பணி படித்தவர்களுக்கு முன்னுரிமையாம். பையன் "ஆபீஸ் வேலைதானே மாமா, போட்டு வைப்போம்" என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள், இவர்களிடம் மாத்திரை வாங்கிய குடும்பங்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

டாப்கியர்:
நான் எஸ்.டி.எஸ்.தான் (நீங்கள் சொல்லும் முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர்), தெற்கு மாவட்டம் ஒன்றில். அந்த அறிவிப்பில் கடைசியாகப் போட்டிருக்கும் லைசென்ஸைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். ஒரு டிபி யூனிட் என்றால் கிட்டத்தட்ட ஒரு ஒன்றியம், ஏறக்குறைய 2 லட்சம் ஜனம். அதற்குள் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றுக்கும் மாதம் ஒருமுறையாவது போய் பதிவேடு பார்க்க வேண்டும், மாத்திரை இருப்பு சரியா என்று எண்ண வேண்டும். இது பாதி வேலை. மீதிப் பாதி நோயாளி வீடு.

சளியில் கிருமி இருக்கிறது என்று லேபிலிருந்து தெரிந்ததும் ஓட்டம் ஆரம்பித்துவிடும். கொடுத்த விலாசம் உண்மையா, ஆள் அங்கேதான் இருக்கிறாரா என்று போய்ப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி., சுகர் பரிசோதனை முடிந்ததா, டிபி நோயாளிகளைப் பதியும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பெயர் ஏறிவிட்டதா, எடைக்குத் தகுந்த மாத்திரையா (35 கிலோவிலிருந்து 49 வரை என்றால் தினமும் 3, அதற்கு மேல் 64 வரை 4), பக்கத்தில் இருந்து மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைக்குமா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, அந்த வீட்டில் வேறு யாருக்கும் இருமல் உண்டா. வங்கிக் கணக்கு எதற்கு என்றால், சத்தான சாப்பாட்டுக்கு மத்திய அரசு மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் போடுகிறது. 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1000. பல வீடுகளில் நமக்கு கதவு திறப்பதே இந்தப் பணத்தால்தான். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்று இருந்துவிட்டால் அதைச் சரிசெய்யவும் நாம்தான் அலைய வேண்டும், அதை எந்த அறிவிப்பிலும் எழுத மாட்டார்கள்.

இந்த ஊர் ஊராக அலையும் கதைக்கெல்லாம் ஆரம்பம் நம்ம சென்னைதான். 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வு (இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அன்று அதைச் செய்தது), வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் (டிபிக்கென்றே இருந்த ஆஸ்பத்திரி) படுத்தவர்களுக்கு ஈடாகக் குணமாகிறது, அதனால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒட்டிவிடவும் இல்லை என்று காட்டியது. அன்றிலிருந்து நோயாளி வீட்டில், நாங்கள் ரோட்டில்.

சம்பவம் ஒன்று சொல்கிறேன். கல்யாணமாகி வந்த புதுப்பெண், நெஞ்சுச் சளியில் பாசிட்டிவ். வீட்டுக்காரருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. "சார், நீங்க வீட்டுக்கு வந்தா நான் அம்மா வீட்டுக்குத்தான் போகணும்" என்றாள். ஆனால் அந்த வீட்டில் சின்னக் குழந்தை ஒன்று (நாத்தனார் குழந்தை), ஒரு வயசான தாத்தா. பார்க்காமல் விடவும் முடியாது. கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் பேசி, அந்தத் தெரு முழுக்க பிரஷர், சுகர், இருமல் என்று ஒரே நாளில் பார்த்தோம். மாமியார் அவராகவே வந்து வரிசையில் நின்று, "எனக்கும் பாருப்பா" என்றார். யாருக்கும் நோய் இல்லை. குழந்தைக்கு மட்டும் வராமல் தடுக்கும் மாத்திரை தொடங்க வேண்டியிருந்தது, அதைத் தாயிடம் தனியாகச் சொல்லிப் புரியவைத்தோம். எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். நான் வண்டியைக் கூட நோயாளி வீட்டு வாசலில் நிறுத்துவதில்லை, டீக்கடையில் போட்டுவிட்டு நடந்துதான் போவேன்.

சாத்தூர் மாமா:
அண்ணே, இதில் கஷ்டமான இடம் எது?

டாப்கியர்:
இரண்டாவது மாதம். காய்ச்சல் நின்றுவிடும், பசி எடுக்கும், எடை ஏறும். அப்புறம் எதற்கு மாத்திரை என்பார்கள். மொத்தம் 6 மாதம், முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாக மாறலாம் என்பதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். தொடர்ந்து ஒரு மாதம் விட்டுவிட்டால் அவர் கணக்கில் விடுபட்டவர், அந்தப் பெயர் ஒவ்வொரு கூட்டத்திலும் நம் தலையில் வந்து விடியும்.

கொத்தனார் ஒருவர் அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் கேரளா போய்விட்டார். போன் நம்பர் மாறிவிட்டது. வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அவரோடு வேலைக்குப் போகும் மேஸ்திரியைப் பிடித்து, அங்கே எந்த ஊர் என்று தெரிந்துகொண்டு, அந்த ஊர் யூனிட்டில் என்னை மாதிரியே வேலை பார்க்கும் ஒரு சேட்டனுக்கு போன் போட்டு, நிக்ஷயில் இடமாற்றி விட்டேன். அவர் மறுநாளே கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே மாத்திரையோடு போய் நின்றிருக்கிறார். கொத்தனார் எனக்கு போன் செய்து, "இங்கயும் விட மாட்டீங்களா சார்" என்று சிரித்தார். கோர்ஸ் முடித்துவிட்டார்.

குடிப்பவர்கள் தனி ரகம். சாயங்காலம் போனால் வீண், காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். குடியை நிறுத்தினால்தான் மாத்திரை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, சொன்னால் மாத்திரையைத்தான் நிறுத்துவார்கள்.

மல்லிப்பூ:
நான் நோயாளி வீட்டுத் தரப்பு. அப்பாவுக்கு டிபி என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லி, அரசு மாத்திரைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. மாத்திரை போட்ட முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு கலரில், கிட்டத்தட்ட சிவப்பாகப் போனது. அப்பா ரத்தம்தான் போகிறது, கிட்னி போச்சு என்று முடிவு கட்டி மாத்திரையை எல்லாம் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். எங்களுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் வந்து அட்டையை வாங்கி மாத்திரை எண்ணியதும்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் திட்டவில்லை. "ஐயா, சிவப்பா போகலன்னாதான் நான் சந்தேகப்படணும், அந்த மருந்தோட கலரே அதுதான்" என்றார். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. கண் மங்கினாலோ, வாந்தி நிற்காமல் வந்து கண் மஞ்சளானாலோ உடனே வர வேண்டும் என்றும் அன்றைக்குத்தான் சொன்னார்கள். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என்ன?

இன்னொன்று, காலை அழுத்திப் பார்த்தார், ஆக்சிஜன் பார்த்தார், கையைப் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார். எதற்கென்று அப்போது புரியவில்லை.

டாப்கியர்:
அது 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டம். எடைக்கும் உயரத்துக்கும் பொருத்தம், மூச்சு வேகம், ஆக்சிஜன், கால் வீக்கம், துணையில்லாமல் நிற்க முடிகிறதா, இவற்றை வைத்து மோசமாக இருப்பவர்களைத் தனியே பிரித்து உடனே வார்டில் சேர்ப்பார்கள். டிபியில் இறப்பவர்களில் பலர் ஆரம்ப வாரங்களிலேயே போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், நான் சேர்ந்த பிறகு வந்ததிலேயே உருப்படியான மாற்றம் இதுதான்.

சிலைடு அக்கா:
எஸ்.டி.எஸ். வேறு, எஸ்.டி.எல்.எஸ். (டிபி லேப் மேற்பார்வையாளர்) வேறு, மாற்றி விண்ணப்பித்துவிட வேண்டாம். நான் இரண்டாவது. எங்களுக்குப் பட்டத்தோடு லேப் டெக்னீஷியன் டிப்ளமோ வேண்டும், லைசென்ஸும் கம்ப்யூட்டரும் அதே மாதிரி. மற்ற லேப்களில் பார்த்த, சளி தடவிய சிலைடுகளைத் திரும்பப் பார்ப்பது, அதற்குப் போடும் சாயம் சரியா என்று பார்ப்பது, லேபில் பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தருவது எங்கள் வேலை. என் அனுபவத்தில் பாதித் தொல்லை டப்பாவில்தான். சளி கேட்டால் எச்சில் துப்பிக் கொடுப்பார்கள். வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி, திறந்த வெளியில் நின்று துப்பச் சொல்ல வேண்டும். நடித்துக் காட்ட வெட்கப்பட்டால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

முன்னாள்:
நான் இந்த வேலையை விட்டு வந்தவன், அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுவேன். நோயாளிகளால் விடவில்லை. ஒப்பந்தம் ஒவ்வொரு தடவையும் புதுப்பிப்பார்களா என்ற பயம், பெட்ரோல் என் காசில் போட்டுவிட்டு பயணப்படிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது, இலக்கு எட்டவில்லை என்று கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்பது, இதெல்லாம் சேர்ந்துதான்.

தனியார் டாக்டர்களிடம் போவதும் இந்த வேலையில் வரும். 2012-லிருந்து டிபி நோயாளி யாராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவித்தால் அவர்களுக்கு 500 ரூபாயும் உண்டு. இருந்தும் சில கிளினிக்குகளில் என்னை மெடிக்கல் ரெப்களோடு உட்கார வைத்து, கடைசியில் "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். நான் மருந்துக்கடைப் பக்கம் போனேன். டிபி மருந்து அட்டவணை எச்1-ல் வருவதால் யாருக்கு விற்றோம், எந்த டாக்டர் எழுதினார் என்று கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும். டாக்டர் சொல்லாத பெயர்கள் அங்கே கிடைத்தன. கடை அண்ணாச்சிகளோடு பழகத் தெரிந்தால் பையனுக்கு இந்தப் பக்கம் கஷ்டமே இருக்காது.

சேர்வதற்கு முன் மூன்று விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள். எந்த யூனிட், அதில் மலைக் கிராமம் எத்தனை. முன்பு இருந்தவர் ஏன் போனார். பயணப்படி கடைசியாக எந்த மாதத்துக்கு வந்திருக்கிறது. மூன்றாவதை அதிகாரியிடம் கேட்க வேண்டாம், பக்கத்து யூனிட் ஆளிடம் கேட்டால் உண்மை வரும்.