புதுப்பிப்பு: அம்மாவின் ஹஜ், நீலகிரித் தைலம், சக்கர நாற்காலி

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டுவலியுள்ள அம்மாவை ஹஜ்ஜுக்கு அழைத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தேன். இஹ்ராமில் (ஹஜ்ஜுக்காக நறுமணம் போன்றவற்றைத் தவிர்க்கும் நிலையில்) தைலம் தேய்க்கலாமா, சக்கர நாற்காலியில் தவாஃப் (கஅபாவைச் சுற்றி வருவது) கூடுமா, மினாவில் ஷைத்தானின் அடையாளத் தூண்கள் மீது அவருக்காக நான் கல்லெறியலாமா என்று கேட்டிருந்தேன். குன்னூரில் எங்கள் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) உட்கார்ந்து விளக்கம் கேட்டுவிட்டேன். நாங்கள் ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்ட வழிமுறை). ஹனஃபி மத்ஹபினர் தங்கள் ஆலிமிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தைலம்தான் எனக்குப் பெரிய கவலை. இந்தக் குளிரிலேயே வாழ்ந்த அம்மாவுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. ஹஜ்ரத் குப்பியை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இது மருந்து, அத்தர் அல்ல. முட்டியில் தாராளமாகத் தேய்க்கட்டும். தலைமுடியில் மட்டும் எந்த எண்ணெயும் கூடாது, வாசனையே இல்லாவிட்டாலும் சரி" என்றார். தெரிந்தே மீறினால் பரிகாரம் உண்டு: ஓர் ஆடு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது மூன்று நோன்பு. வாசனைச் சோப்பைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டேன்.

சக்கர நாற்காலிக்குத் தடையில்லை. உடல்நலமில்லாத தம் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களை, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்யும்படி நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

கல்லெறிதலை முதலில் எனக்காக முடித்துவிட்டு, பிறகு அம்மாவுக்காக எறியலாம். மக்காவுக்கு அருகிலுள்ள அரஃபா மைதானத்தில் தங்குவதற்கு அப்படிப் பதில் ஆள் கிடையாது. ஹஜ் மாதமான துல்ஹஜ் 9 அன்று அம்மாவே அங்கு இருந்தாக வேண்டும்.