அம்பாசடர்: பின் இடது டிரம் மட்டும் சூடாகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

1986 அம்பாசடர் மார்க் 4, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். கொஞ்ச தூரம் ஓட்டினாலே பின் இடது டிரம் கை வைக்க முடியாத சூடு, பிரேக் ஷூ மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், கருகும் வாடை வேறு, வலது பக்கம் ஒன்றுமே இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் அந்தச் சக்கரம் மட்டும் இறுக்கமாகச் சுற்றுகிறது. சரி, பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிளைத் திறந்து பார்த்தேன், சக்கரம் இளகவில்லை, ஆகவே உள்ளே பிரஷர் தங்கி நிற்பது காரணமாக இருக்காது. ரப்பர் ஹோஸ் அடைத்திருக்கும் என்கிறார் மெக்கானிக், ஆனால் பின் ஆக்சிலுக்குப் போவதே ஒரே ஹோஸ், அது அடைத்தால் இரண்டு பக்கமும் அல்லவா பிடிக்க வேண்டும்? எனக்கு ஹேண்ட்பிரேக் கேபிள் மேல் சந்தேகம், இல்லையென்றால் ஷூவைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங்.

அப்புறம் டிரம்முக்கு உட்புறம் இருக்கும் பின்தட்டின் அடியில் லேசான ஈரம். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிகிறதா, ஆக்சில் சீல் போய் கியர் ஆயில் வருகிறதா, டிரம்மைக் கழற்றாமல் எப்படிப் பிரித்தறிவது? கழற்றலாம் என்றால் ஷூவைத் தளர்த்தும் அட்ஜஸ்டர் துருப்பிடித்துச் சுற்றவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் பலமாகத் தட்டவும் பயம், வார்ப்பிரும்பு, விரிசல் விட்டால் மாற்று டிரம்முக்கு எங்கே போவது? முதலில் கேபிளைத் தளர்த்திப் பார்க்கட்டுமா, நீங்கள் என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்?