கைக்கு எட்டியது, கண்ணுக்கு எட்டவில்லை

போன வாரம் ஒரு நாள் காலை முழுக்கக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஆயில் குழாய் ஒழுகியது. வேலை என்று பார்த்தால் சின்னதுதான். குழாயை உருவி, இணைப்புக்குள் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கையும், குழாயைப் பிடிக்கும் கிளிப்பையும் மாற்றி, திரும்பச் செருக வேண்டும். மேசைமேல் வைத்துச் செய்தால் ஐந்து நிமிடம். எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. அதில் மூன்று மணி நேரத்தை என் பிடிவாதமே தின்றுவிட்டது.

கியர்பாக்ஸ் ஆயில் எதற்கு ரேடியேட்டர் பக்கம் போகிறது என்று சிலர் கேட்பீர்கள். ஓடும்போது அந்த எண்ணெய் 80, 90 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குச் சர்வசாதாரணமாக ஏறும். அதை ஆற்றுவதற்காகப் பல கார்களில் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே தனியாக ஒரு சின்னக் கூலர் வைத்திருப்பார்கள். போக ஒரு குழாய், வர ஒரு குழாய். என் காரில் அந்தக் குழாய்க்கு நட் கிடையாது. செருகினால் உள்ளே ஒரு வளையக் கிளிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வண்டி நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை கண்டபோது கியர்பாக்ஸின் அடித்தட்டு பேக்கிங் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். சொட்டும் அதன் மூலையில்தான் தொங்கியது. ஆனால் சொட்டு தொங்கும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வண்டி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். பிரேக் கிளீனர் அடித்து அந்தப் பகுதி முழுவதையும் துடைத்துவிட்டு, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். அடித்தட்டு காய்ந்து கிடந்தது. ஒன்றரை அடி முன்னால், குழாய் செருகியிருக்கும் இடத்தில் புதுசாக ஒரு சிவப்பு முத்து.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தேன். ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளில் உட்காரவைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு பம்பரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் தலையை விடுவேன். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் உள்ளே போகாதீர்கள்.

என் மூக்குக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கையை இணைப்புவரை கொண்டு போனால் கையே கண்ணை மறைத்தது. கையை எடுத்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிலும் இருந்த அழுக்கைத் துடைத்துவிட்டுத்தான் குழாயை உருவினேன். இல்லையென்றால் மண் துகள் நேராக உள்ளே போய்விடும். உருவியதும் மிச்ச எண்ணெய் மணிக்கட்டில் இறங்கியது, முழங்கைவரை வந்தது, அப்புறம் நிதானமாக அக்குளுக்குப் போனது. கையைத் தூக்கிய நிலையில் வேலை செய்பவர்களுக்கு அந்த வழி நன்றாகத் தெரிந்திருக்கும். பழைய கிளிப்பைச் சின்ன ஊசியால் நெம்பியபோது அது 'டிங்' என்று பறந்து எங்கோ போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதுக் கிளிப்புக்கு மூன்று காதுகள். மூன்றும் இணைப்பின் பள்ளங்கள் வழியாக உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அதை விரல்நுனியால் தடவித்தான் உறுதி செய்தேன். புது ஓரிங்கில் அதே கியர்பாக்ஸ் ஆயிலைத் தடவி உட்காரவைத்தேன். குழாயைத் தள்ளினேன். போகவில்லை. இன்னும் தள்ளினேன். தோளைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஆகா, உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், அது என் டார்ச் கீழே விழுந்த சத்தம்.

மகனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மூன்று வினாடி ஒன்றுமில்லை. அப்புறம் குழாய் நழுவி, எண்ணெய் கயிறு மாதிரி கொட்டியது.

"அப்பா, கீழ சிவப்பா ஓடுது!"

"ஆஃப் பண்ணுடா, ஆஃப் பண்ணு!"

அந்தக் கொஞ்ச நேரத்தில் கீழே வைத்திருந்த தட்டில் ஏறக்குறைய அரை லிட்டர். கியர்பாக்ஸின் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே சுற்றுவது. கியர் போடாமல் நின்றாலும் அது தள்ளிக்கொண்டுதான் இருக்கும். எண்ணெய் குறைந்தால் காற்றை உறிஞ்சும், நுரைக்கும், கியர் வழுக்கும். அதனால் அன்று அதற்குமேல் ஒரு வினாடிகூட ஓடவிடவில்லை.

இதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. இன்னும் இரண்டு முறை அதே மல்லுக்கட்டு. ஓரிங்கின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம். நல்லவேளை, பொட்டலத்தில் இன்னொன்று இருந்தது. கடைசியில் போனை வீடியோவில் போட்டு, அதை மட்டும் இடுக்குக்குள் நுழைத்து எடுத்தேன். படம் பார்த்ததும் என்மேலேயே எரிச்சல் வந்தது. குழாய் நேராகவே போகவில்லை. லேசாகச் சாய்ந்து, அதன் வளையப் புடைப்பு கிளிப்பின் ஒரே ஒரு காதில் முட்டிக்கொண்டு நின்றது. நான் தள்ளத் தள்ள அந்தக் காதுதான் வளைந்துகொண்டிருந்தது.

ஏன் சாய்கிறது? ஒரு முழம் தள்ளி, இன்ஜின் பக்கத்தில் ஒரு பிராக்கெட் குழாயைக் கவ்வியிருந்தது. ஒரே ஒரு 10 எம்எம் போல்ட். அதை நான் தொடவே இல்லை. ஒழுகும் இடம் இங்கே இருக்கும்போது அங்கே எதற்குக் கை வைக்க வேண்டும் என்ற நினைப்பு. போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். குழாய் தொளதொளவென்று ஆடியது. இன்னொரு கிளிப், இன்னொரு ஓரிங் போட்டு இரண்டே விரலால் தள்ளினேன். உள்ளே ஒரு சின்னத் துள்ளல். சத்தம்கூட இல்லை, விரலில்தான் தெரிந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பிறகுதான் பிராக்கெட்டை முடுக்கினேன்.

இன்னொரு விஷயம். இணைப்பின்மேல் நகர்ந்து உட்காரும் பிளாஸ்டிக் மூடி ஒன்று உண்டு. தூசிக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, முதலில் அதை ஒதுக்கிவிட்டேன். குழாய் முழுசாக உள்ளே போகாவிட்டால் அந்த மூடி சரியாகப் படியாது. காதால் கேட்க முடியாத இடத்தில் அதுதான் சாட்சி. அன்று முதல் தடவையே அதைத் தள்ளிப் பார்த்திருந்தால் அந்த அரை லிட்டர் மிச்சம்.

தட்டில் விழுந்ததை அளந்து, அதே வகை எண்ணெயை அதே அளவு ஊற்றினேன். என் வண்டியில் அளவுக்கோல் இருக்கிறது. சூடேறிய பிறகு, இன்ஜின் ஓடும்போதே, எல்லாக் கியரிலும் ஒரு முறை போட்டு எடுத்து, பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். அளவுக்கோலே இல்லாத வண்டிகளில் குறிப்பிட்ட சூட்டில் ஒரு திருகைத் திறந்து பார்க்கும் முறை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கூடினாலும் நுரைக்கும்.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன், நல்ல அனுபவம். என் காரின் கூலர் குழாய் நட் போட்டு முடுக்கும் வகை, அதனால் துன்பம் வேறு தினுசு. சாதா ஸ்பேனரைப் போட்டு நெம்பியதில் நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. இந்த வேலைக்கென்றே வாய் திறந்த வளைய ஸ்பேனர் வருகிறது. குழாய்மேல் நுழையும், நட்டையும் ஏறக்குறைய முழுக்கக் கவ்வும். அதை வாங்கிய பிறகுதான் அசைந்தது. ரேடியேட்டர் பக்கம் நட் ஏறும் இணைப்புக் கட்டையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டுதான் நட்டைத் திருப்ப வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் கூலரே முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதுதான்.

நட் தளர்ந்த பிறகும் இடமில்லாமல் ஸ்பேனர் கால்வாசிகூடத் திரும்பாது. சாதா திறந்த வாய் ஸ்பேனரின் தலை 15 டிகிரி சாய்வாகத்தான் செய்யப்பட்டிருக்கும். ஒரு முறை திருப்பியதும் ஸ்பேனரைப் புரட்டிப் போடுங்கள், அடுத்த பிடி கிடைக்கும். 30 டிகிரி வீச்சு இருந்தால் போதும். பத்து வருடம் ஸ்பேனர் பிடித்த பிறகுதான் எனக்கே இது தெரிந்தது!

திரும்பப் போடும்போது முதல் நாலு சுற்றும் விரலால்தான். முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள், மரை ஒரு இடத்தில் லேசாக இறங்குவது தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் முடுக்கினால் மரை தப்பிப் பிடிக்காது. முனை விரித்த குழாய் என்றால் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அங்கே உலோகமும் உலோகமும் அழுந்தித்தான் அடைக்கிறது, மரையில் சுற்றும் டேப்பால் பயனில்லை. பிய்ந்த துணுக்கு உள்ளே போனால் வேறு வம்பு.

* * *

நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் காரில் கூலர் குழாயின் ரப்பர் பகுதி வெடித்திருந்தது. கையில் கிடந்த தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டு கிளாம்பை இறுக்கினேன். இரண்டே வாரத்தில் அது ஊறி, களிமண் மாதிரி ஆகிவிட்டது. கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்கென்று எழுதியிருக்கும் ஹோஸ்தான் அந்த எண்ணெயையும் சூட்டையும் தாங்கும். கிளாம்பும் குழாய் முனையில் இருக்கும் புடைப்பைத் தாண்டி உட்கார வேண்டும். புடைப்பின் மேலேயே போட்டால் ஹோஸ் நழுவும்.

* * *

கழற்றும் முன்னால் அது கியர்பாக்ஸ் ஆயில்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே சிவப்பு எண்ணெய்தான். நான் கூலர் குழாயில் ஸ்பேனரை வைத்தேவிட்டேன். கடைசி நொடியில் ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால், பாதிக்குக் கீழே கிடக்கிறது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டிலும் சிவப்பு உண்டு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதந்தால் எண்ணெய், கரைந்தால் கூலன்ட்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் இளஞ்சிவப்பில் பால் மாதிரி கலங்கித் தெரிகிறதா? கூலர் உள்ளுக்குள்ளேயே உடைந்திருக்கலாம். அப்படியென்றால் வண்டியை ஓட்டவே வேண்டாம், இழுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் கலந்தால் கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகள் ஊறிப் போய்விடும்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். ஸ்பேனரைப் புரட்டிப் போடும் விஷயம் எனக்கும் புதிது, நன்றி. அடியில் விரித்த அட்டையை ஐந்து நாள் கழித்து நேற்று எடுத்துப் பார்த்தேன். புதுச் சொட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் ஏதோ சின்னதாகக் 'கிணுங்' என்கிறது. அந்தப் பறந்துபோன பழைய கிளிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அடியில் போகிறேன்.