உதவி: நாட் விமான மாடலுக்கு கிளியர் அடிச்சதும் பூராம் வெள்ளை, அவசரம்!!

செங்கோட்டை சிட்டு:
அண்ணாச்சிமாரு யாராச்சும் இருக்கீயளா, அவசரம். நாட் ஜெட்டோட 72ல ஒண்ணா குறைச்ச பிளாஸ்டிக் மாடல் கிட் முடிச்சு சில்வர் அடிச்சு நம்ம ஏர்ஃபோர்ஸ் வட்டமெல்லாம் டீக்கலா (தண்ணியில நனைச்சு ஒட்டுக ஸ்டிக்கர்) ஒட்டி கடைசியா நிறமில்லாத கிளியர் ஸ்ப்ரே அடிச்சேன். அடிக்கும்போது பளபளன்னு நல்லாத்தான் இருந்துச்சு, சாப்ட்டுட்டு வந்து பாத்தா பூராம் வெள்ளையா பூத்துப்போய் கெடக்கு, துடைச்சாலும் போவ மாட்டேங்கு. ஞாயித்துக்கெழமை அக்கா மவன் ஸ்கூல் எக்ஸிபிஷன்ல வைக்கணும், குடுக்கேன்னு சொல்லிட்டேன். என்ன செய்யணும் சீக்கிரம் சொல்லுங்க.

நாஞ்சில் நட்டு:
தம்பி, என்ன கிளியர்? மாடல் கடை கேனா, ஹார்டுவேர் கடை கேனா? மேட்டா கிளாஸா? அடியில போட்ட சில்வர் எனாமலா அக்ரிலிக்கா? வெள்ளை எங்க இருக்கு, ரெக்கை மேலயா, டீக்கல் மேலயா, கண்ணாடியிலயா? போட்டோ ஒண்ணு போடுடே. ஒண்ணுமே சொல்லாம வெள்ளைன்னு மட்டும் சொன்னா நாங்க சோழி உருட்டியா பாக்க முடியும்?

பாலக்காட்டு காத்து:
இது டீக்கல் சில்வரிங்தான், நூத்துக்கு நூறு. மேட் பெயிண்ட் மேல நேரா டீக்கல் ஒட்டினா அந்த சொரசொரப்புல காத்து மாட்டிக்கும், காஞ்சதும் வெள்ளையா மினுங்கும். குண்டூசியால பொடிப்பொடியா குத்திட்டு டீக்கலை இளக்கற மைக்ரோ சோல் திரவம் ஒரு சொட்டு விடுங்க, ஃபிலிம் இளகி உள்ள உக்காந்துரும். அடுத்த தடவை முதல்ல கிளாஸ் கோட், அப்புறம் டீக்கல், அப்புறம்தான் மத்ததெல்லாம். இதை எத்தனை இழையிலதான் எழுதறது.

நாஞ்சில் நட்டு:
அவரு "பூராம்"னு சொல்லுகாரு. டீக்கல்னா டீக்கல் இருக்க இடத்துல மட்டுமில்லா வெள்ளை வரும்?

பாலக்காட்டு காத்து:
பதட்டத்துல எழுதறவங்க எல்லாத்தையும் பூராம்னுதான் சொல்வாங்க ஏட்டா.

ரிவெட் வாத்தியார்:
முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. நாட் என்றால் எந்த நாட்? கடைகளில் சுலபமாகக் கிடைப்பது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ரெட் ஆரோஸ் (பிரிட்டிஷ் விமான சாகசக் குழு) பெட்டி, அது இரண்டு சீட் டி.1 ட்ரெய்னர். நம் விமானப்படை சண்டைக்கு வைத்திருந்தது ஒற்றை சீட் எஃப்.1. ட்ரெய்னருக்கு சில்வர் அடித்து நம் வட்டத்தை ஒட்டினால் அது இந்திய நாட் ஆகிவிடாது. பெயிண்ட் பிரச்சினைக்கு முன்னால் இதைப் படித்துவிட்டு வந்திருக்கலாம். புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான், முதலில் புத்தகம், பிறகு பசை.

சித்தூர் 72:
வாத்தியாரே, அந்தப் பையன் வீடு எரியுதுன்னு கத்துறான், நீங்க வாசக்கால் எந்த மரம்னு கேக்குறீங்களே பா.

தம்பி ரொம்ப சிம்பிள், ஹார்டுவேர் கடையில லாக்கரை கரைக்கற என்.சி. தின்னர் கிடைக்கும், மெல்லிசு பிரஷ்ல தொட்டு லேசா ஒரு இழுப்பு இழு, வெள்ளை பறந்துரும். எங்க ஊர்ல மரச்சாமானுக்கு பாலிஷ் போடுறவங்க இப்படித்தான் செய்யறாங்க.

நாஞ்சில் நட்டு:
எடே எடே நிறுத்து!! மரத்துக்கு செய்யலாம், பிளாஸ்டிக் கிட்டுக்கு என்.சி. தின்னர் பிரஷ்ல போட்டா பெயிண்ட் மட்டுமில்ல பாலிஸ்டைரினும் சேந்து இளகும், பேனல் கோடெல்லாம் கொழகொழத்துப் போவும். சிட்டு, இதை மட்டும் செஞ்சிராத.

புனலூர் பாசஞ்சர்:
செங்கோட்டைன்னு பேர்லயே இருக்கு, இதுக்கு மேல என்ன விவரம் வேணும்? இப்ப அங்க சாரல். நேத்து ரயில்ல வரும்போது பதிமூணு கண் பாலத்துல ஏறுன மழை, ஆரியங்காவு தாண்டியும் விடல, செங்கோட்டை ஸ்டேஷன்ல எறங்கும்போது துண்டு பிழியற ஈரம். இந்தக் காத்துல லாக்கர் கிளியர் அடிச்சா வெள்ளைதான் வரும், இதுக்கு பிளஷ்ஷிங்னு பேரு. ஸ்ப்ரேல உள்ள சால்வென்ட் படக்குன்னு ஆவியாகும், ஆவியாகும்போது அந்த இடத்தை குளிர வச்சுரும், காத்துல உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்புல தண்ணியா இறங்கி காயாத லாக்கருக்குள்ளயே மாட்டிக்கும். அதான் அடிக்கும்போது நல்லா இருந்துச்சு, சாப்ட்டு வந்தா வெள்ளை. கார் பட்டறைக்காரன்கிட்ட கேளுங்க, மழை நாள்ல ரிட்டார்டர் ஊத்தாம லாக்கர் அடிக்கவே மாட்டான். ரிட்டார்டர் போட்டா மெதுவா காயும், அதுக்குள்ள ஈரம் வெளிய போயிரும்.

செங்கோட்டை சிட்டு:
எல்லாருக்கும் நன்றி. கிளியர் ஹார்டுவேர் கடையில வாங்குனதுதான், பைக்கு டேங்குக்கு அடிக்கிறது, கிளாஸ். சில்வர் தமியா எக்ஸ்-11 அக்ரிலிக், பிரஷ்ல. ரெக்கை ரெண்டும், முதுகு, வால் எல்லாம் வெள்ளை, அடிப்பக்கம் கம்மியாத்தான் இருக்கு. கண்ணாடியும் வெள்ளைதான், ஆனா அது நேத்தே கொஞ்சம் இருந்த மாதிரி ஞாபகம். போட்டோ ஏற மாட்டேங்கு, நெட்டு இல்ல. ஆமா ரெட் ஆரோஸ் பெட்டிதான், ஏன் அது நாட் இல்லையா??

ரிவெட் வாத்தியார்:
நான் சொன்னேன் அல்லவா.

நாஞ்சில் நட்டு:
இப்பத்தான் வெளங்குது. ரெண்டு வெள்ளை இருக்கு தம்பி, ரெண்டும் வேற வேற சோலி.

கண்ணாடி நேத்தே வெள்ளையா இருந்துச்சுன்னா அது சூப்பர் குளூ வேலை. க்விக் பசையால கேனப்பி கண்ணாடிய ஒட்டுனியா? அந்தப் பசை காயும்போது வர்ற ஆவி கண்ணாடியில படிஞ்சு வெள்ளைப்பொடி மாதிரி ஒட்டிக்கும், காத்துல ஈரம் இருந்தா இன்னும் சாஸ்தி. கண்ணாடிக்கு எப்பவும் ஒயிட் குளூதான், பிள்ளைங்க நோட்டுப்புத்தகத்துல ஒட்டுகது இருக்குல்லா, அதே போதும், காஞ்சா தெளிஞ்சுரும். ரெக்கையில உள்ளது புனலூர்க்காரரு சொன்ன மாதிரி ஈரம்தான். அவரு சொல்லுகத கேளு.

புனலூர் பாசஞ்சர்:
ஏர்பிரஷ் இருந்தா மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லிசா பொகை மாதிரி விடுங்கன்னு சொல்லியிருப்பேன், அதுல ரிட்டார்டர் இருக்கு. கேன் மட்டும்தான் இருக்குன்னா அதே கிளியரை வச்சே சரி பண்ணலாம், ஆனா மழை விட்டு வெயில் அடிக்கிற நேரமா பாத்து. மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் வரும்ல, அப்ப. கேனை வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க, வெந்நீர் வேண்டாம், அடுப்புப் பக்கம் கொண்டே போகாதீங்க, வெடிச்சுரும். ஜன்னலை சாத்தி ரூமை காய விடுங்க, அடிக்கும்போது மட்டும் திறந்துட்டு மாஸ்க் போட்டுக்கோங்க. ஒரு சாண் தள்ளி நின்னு நனையாத அளவுக்கு ஒரே ஒரு வீச்சு. புது சால்வென்ட் பழைய லாக்கரை திரும்ப இளக்கும், உள்ள மாட்டுன ஈரம் வெளிய வந்துரும், கண்ணு முன்னாலயே தெளியும். கெட்டியா அடிச்சீங்கன்னா அடியில உள்ள அக்ரிலிக் சில்வர் கலங்கிரும், டீக்கலும் சுருங்கும். முதல்ல அடிப்பக்கம் சின்ன இடத்துல சோதிச்சுப் பாருங்க.

பாலக்காட்டு காத்து:
எங்க ஊர்ல இந்தப் பிரச்சினையே கிடையாது, கணவாய்க் காத்து அடிக்கற மாசத்துல பெயிண்ட் காயறதுக்குள்ள தூசி வந்து ஒட்டும், அதான் எங்க கஷ்டம். ஆனா டீக்கலையும் பாருங்கன்னு சொல்லி வைக்கறேன். அந்த வட்டம் எங்க கிடைச்சுது? ரெட் ஆரோஸ் பெட்டியில பிரிட்டிஷ் வட்டம்தானே இருக்கும்?

செங்கோட்டை சிட்டு:
தென்காசியில ஒரு பிரிண்டிங் கடையில டீக்கல் பேப்பர் குடுத்து அடிச்சேன்.

பாலக்காட்டு காத்து:
இங்க்ஜெட்டா லேசரா?? இங்க்ஜெட்னா கிளியர் அடிச்சு மூடாம தண்ணியில போட்டா மை கரைஞ்சிருக்கும். இன்னொண்ணு, பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. நம்ம வட்டத்துல வெளிய காவி, நடுவுல வெள்ளை, உள்ள பச்சை. டிரான்ஸ்பரன்ட் பேப்பர்னா அந்த வெள்ளை வளையம் உங்க சில்வராத்தான் தெரியும். கவனிச்சீங்களா?

செங்கோட்டை சிட்டு:
அட ஆமா. வெள்ளை வரவேண்டிய இடத்துல வரல, வரக்கூடாத இடத்துல வந்துருக்கு 😭

சித்தூர் 72:
😂😂 வாத்தியாரே, இப்ப சொல்லுங்க, ட்ரெய்னரை ஃபைட்டரா மாத்த முடியாதா? ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குத்தானே, பின் சீட்டை அடைச்சு பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?

ரிவெட் வாத்தியார்:
எனக்குத் தெரியும். ஒற்றை சீட் நாட் விமானத்தின் ரெக்கை அகலம் சுமார் 6.73 மீட்டர், நீளம் சுமார் 8.74. டி.1க்கு அகலம் 7.32, நீளம் 9.68. 72ல் ஒன்றாகக் குறைத்தால் நீளத்தில் மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம், கிட்டத்தட்ட 121 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 134 ஆக இருக்கும். ரெக்கையும் வாலும் வேறு வடிவம். அடைப்பதால் ஒன்றும் ஆகாது. வேண்டுமென்றால் ஸ்பெஷல் ஹாபி கம்பெனி 72ல் ஒற்றை சீட் நாட் விமானமும் அதிலிருந்து வந்த அஜீத் விமானமும் போட்டிருக்கிறது, அதை வாங்கட்டும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் மேல் நிர்மல் ஜித் சிங் செகோன் தனியாகச் சண்டையிட்டது ஒற்றை சீட் நாட் விமானத்தில். விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா அது. அந்த விமானத்துக்கு ட்ரெய்னரை வைத்து மரியாதை செய்யக்கூடாது.

நாஞ்சில் நட்டு:
செகோன் மேல மரியாதை எல்லாருக்கும் உண்டு வாத்தியாரே. எட்டாங்கிளாஸ் பையன் அட்டையில எழுதி ஒட்டப்போற மாடலுக்கு மில்லிமீட்டர் கணக்கு வேணுமா. சிட்டு, அட்டையில "ஃபோலண்ட் நாட், ட்ரெய்னர் வகை"ன்னு எழுதிரு, தீந்துச்சு. நாட் விமானத்தை நம்மூர்லயே பெங்களூர் எச்.ஏ.எல். விமான ஃபேக்டரில லைசென்ஸ் எடுத்து செஞ்சதையும், அதுல இருந்து அஜீத் வந்ததையும் சேத்து எழுது, மார்க்கு விழும்.

சித்தூர் 72:
நேர்ல ஒரு நாட் காட்டணும்னா பையனை திருவனந்தபுரம் ஆக்குளம் கூட்டிட்டுப் போ, ஏர்ஃபோர்ஸ் மியூசியம்ல வெளிய நிக்குது, உங்களுக்கு கிட்டத்தானே.

ரிவெட் வாத்தியார்:
ஆக்குளத்தில் நிற்பது எச்.ஜே.டி-16 கிரண். நாட் இல்லை.

சித்தூர் 72:
ரெண்டு சீட்டு, ஜெட்டு, சின்னது. என்ன வித்தியாசம்?

ரிவெட் வாத்தியார்:
கிரணில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள், மூக்கு அகலமாக இருக்கும், ரெக்கை நேராக இருக்கும். நாட் ட்ரெய்னரில் முன்னும் பின்னும், ரெக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிய வேண்டியது.

சித்தூர் 72:
சரி சாமி. நான் விசாகப்பட்டினத்துக்காரங்க கட்சிக்கே போயிடறேன். அங்க பீச் ரோட்ல நேவியோட பழைய ரோந்து விமானம் டியு-142 நிக்குது, 2017ல மியூசியமா திறந்தாங்க, எதிர்லயே குர்சுரா சப்மரீன். நாலு எஞ்சின், ஒவ்வொண்ணுலயும் முன்ன பின்ன ரெண்டு ப்ரொபெல்லர், எதிரெதிரா சுத்தும். உள்ளயே நடந்து போலாம். அதை யாரும் கிரண்னு சொல்ல முடியாது. 72ல செஞ்சாக்கூட ரெக்கை எழுவது சென்டிமீட்டர் கிட்ட வரும், என் பொண்டாட்டி வீட்டை விட்டு அனுப்பிடுவா.

பாலக்காட்டு காத்து:
என்னைக் கேட்டா கோவா நேவி மியூசியம்தான். சீ ஹாக், அலிஸே, சீ ஹாரியர், அந்தப் பெரிய சூப்பர் கான்ஸ்டலேஷன். ஆனா உப்புக்காத்துல வெளிய நிக்கறதைப் பாத்தா மனசு கேக்காது. மாடலுக்கு வெதரிங் எப்படி பண்றதுன்னு தெரியணும்னா அங்க போய் போட்டோ எடுங்க, ரிவெட் வரிசையில துரு எப்படி வழியுது, வெயில் படற பக்கம் மட்டும் எப்படி வெளுக்குதுன்னு எல்லாம் கண்ணெதிர்ல இருக்கு.

ரிவெட் வாத்தியார்:
தவறு. மியூசியத்தில் பிற்காலத்தில் திரும்ப பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதை வைத்து நிறம் தீர்மானிப்பது கூடாது. பறந்த காலத்துப் படங்களைத்தான் பார்க்க வேண்டும். நாட் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 65 போரில் சில்வர், 71 போரில் பல விமானங்கள் பச்சை-பழுப்பு கேமஃப்ளாஜ்.

புனலூர் பாசஞ்சர்:
65 நாட் பாக்கணும்னா கராச்சிக்குத்தான் போகணும், அந்த செப்டம்பர்ல பாகிஸ்தான் பஸ்ரூர்ல இறங்கி பிடிபட்ட விமானம் அவங்க மியூசியத்துல நிக்குது 🙂 டெல்லி பாலம் மியூசியத்துலயும் நாட் இருக்கு, அது போறதுக்கு சுலபம்.

அது கிடக்கட்டும், சிட்டு எங்க? மழை விட்டுச்சா?

நாஞ்சில் நட்டு:
ஆளையே காணும். என்.சி. தின்னர்ல இறங்கிட்டானோ என்னமோ.

சித்தூர் 72:
என்னைப் பாக்காதீங்க பா.

பாலக்காட்டு காத்து:
சிட்டு, டீக்கல் குத்திப் பாத்தீங்களா?

செங்கோட்டை சிட்டு:
மத்தியானம் வெயில் வந்துச்சு, கேனை வெதுவெதுப்பான தண்ணியில வச்சு ஒரு வீச்சு அடிச்சேன், ரெக்கை தெளிஞ்சுருச்சு. இடது பக்க வட்டம் மட்டும் லேசா சுருங்கிட்டு, பரவால்ல அந்தப் பக்கத்தை செவுத்தைப் பாக்க வச்சுருவேன். வெள்ளை வளையத்துக்கு பிரஷ்லயே வெள்ளை இழுத்தேன். கண்ணாடி அப்படியேதான் இருக்கு. அக்கா கூப்பிடுதா, அப்புறம் வாரேன்.

நாஞ்சில் நட்டு:
கண்ணாடிக்கு பாலிஷிங் காம்பவுண்டு மெல்லிசா தேச்சுப் பாரு, காட்டன் பட்ஸ்ல. உள்பக்கம் படிஞ்சிருந்தா கழட்டித்தான் ஆகணும்.

பாலக்காட்டு காத்து:
போட்டோ??

ரிவெட் வாத்தியார்:
அட்டையில் டி.1 என்று எழுதினாரா என்பதை யாராவது கேட்டுச் சொல்லவும்.

குமுளி குட்டன்:
இழையை இப்பத்தான் பாத்தேன். எனக்கும் இதே பிரச்சினை, மிக்-21 வெள்ளை ஆயிடுச்சு, என்ன செய்யறது?

நாஞ்சில் நட்டு:
என்ன கிளியர்?