சூடு காட்டினால் சரியாகிவிடும் என்றார்கள்

லேப்டாப் திரையில் கோடு விழுவதைப் பற்றி இத்தனை பேர் கேட்டிருப்பதால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கடைகளுக்கு 460 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. உங்களில் ஒருவருக்காவது அந்தப் பணம் மிஞ்சட்டும்.

நான் மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பயிற்சித் தாள், படங்கள், ஆண்டுவிழா வீடியோ எல்லாம் அந்த ஒரே லேப்டாப்பில்தான். முதல் அறிகுறி மிகச் சின்னது. யூடியூப் ஓடும்போது திரை கறுத்து, உடனே திரும்பி வந்தது. மூலையில், டிஸ்ப்ளே டிரைவர் என்ற மென்பொருள் பதில் தராமல் நின்று மீண்டுவிட்டதாக ஓர் அறிவிப்பு. திரைக்குப் படம் தயாரித்துத் தரும் கிராபிக்ஸ் சிப்பின் பதிலுக்காக விண்டோஸ் 2 விநாடிதான் காத்திருக்குமாம், வராவிட்டால் அதுவே சிப்பை மறுபடி தொடக்கிவிடுமாம். டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, காலையில் திறந்தால், மேலிருந்து கீழ்வரை ஊதா நிறக் கோடுகள், தறியில் பாவு நூல் கட்டியதுபோல. எழுத்துகளுக்கு நடுவே பொடிப் பொடியாகப் பச்சைக் கட்டங்கள்.

பினாங்குத் தீவில் கொம்தார் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். மூடியைத் திறந்தவுடனே "ஸ்கிரீன் போச்சு டீச்சர்" என்றார். 280 வெள்ளிக்குப் புதுசு மாட்டினார். கடையில் நன்றாகத்தான் இருந்தது. ஃபெரி ஏறி வீட்டுக்கு வந்து போட்டால் அதே கோடு. மாட்டிய ஸ்கிரீனைத் திரும்ப எடுக்க முடியாது என்றுவிட்டார். இன்றும் எனக்கு ஆறவில்லை. ஒரு எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். டிவியிலும் அதே கோடு வந்தால் ஸ்கிரீன்மேல் குற்றமில்லை. விண்டோஸ் வருவதற்கு முன்னால், கம்பெனி முத்திரை தெரியும் அந்த நேரத்திலேயே கோடு இருந்தால் டிரைவர்மேலும் குற்றமில்லை. என்னுடையதில் இரண்டுமே இருந்தன.

இரண்டாவது கடைக்காரர் கோளாறு கிராபிக்ஸ் சிப்பில்தான் என்று சரியாகவே கண்டுபிடித்தார். "சிப்புக்கு அடியில் ஈயம் விட்டுப்போச்சு, சூடு காட்டினா ஒட்டிக்கும்" என்று ஹாட் ஏர் பிடித்து 180 வெள்ளி வாங்கினார். கோடு மாயமாய் மறைந்தது. பள்ளியில் எல்லோரிடமும் அவர் கடையைச் சொன்னேன். பத்தொன்பதாம் நாள் கோடுகள் திரும்பி வந்தன, இந்த முறை இன்னும் நெருக்கமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் பசியாற உட்கார்ந்தபோது புலம்பித் தீர்த்தேன். சித்தி தீவிலுள்ள பாயான் லெப்பாஸில், சிலிக்கன் துண்டைச் சின்னப் பலகையில் பொருத்தி சிப் பேக்கேஜ் செய்யும் தொழிற்சாலையில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1972இலிருந்து அங்கே சிப் வேலை நடக்கிறது. என் சொந்தத்தில் மட்டும் நாலு பேர் அந்தத் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறியவர்கள். இருந்தும் இரண்டு கடை ஏறி இறங்கும்வரை அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

"அவன் எதுக்கும்மா சூடு காட்டினான்? நாங்க சூடு காட்டுறதே எது உடையுதுன்னு பாக்கத்தான்" என்றார் சித்தி.

கையைக் கழுவிவிட்டு வந்து இடது உள்ளங்கையை மேசைமேல் விரித்தார். வலது கை விரல் நுனிகளை அதன்மேல் ஊன்றினார். மேலே இருக்கும் கை சிலிக்கன், விரல் நுனிகள் மணலைவிடப் பொடியான ஈயப் பொட்டுகள், கீழே இருப்பது சிப்பைத் தாங்கும் சின்னப் பலகை. சூடு ஏறினால் பலகை சிலிக்கனைவிடப் பல மடங்கு விரியும், ஆறினால் சுருங்கும். உள்ளங்கையை மெல்ல அகட்டினார். ஓரத்து விரல்கள்தான் முதலில் இழுபட்டன. "இப்படித்தான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறந்து மூடுற? அத்தனை தரம் இழுக்குது. மூலைப் பொட்டுதான் முதல்ல கீறும்." தொழிற்சாலையில் இதே வேலையைப் பெட்டிக்குள் வைத்து வேகமாகச் செய்து பார்ப்பார்களாம். மைனஸ் 55 டிகிரி, உடனே 125 டிகிரி, நூற்றுக்கணக்கான தரம்.

கடைக்காரர் சொன்ன ஈயம் வேறு. அது அந்தப் பலகைக்கும் மதர்போர்டுக்கும் நடுவே உள்ள பெரிய உருண்டை. பேச்சில் ஈயம் என்று சொன்னாலும், ஈயம் சேர்க்காத இன்றைய பற்று (சால்டர்) உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கடையில் காட்டும் சூட்டில் பல நேரம் எதுவுமே உருகுவதில்லை. சிப் விரிந்து, கீறிய பொட்டு மறுபடி லேசாகத் தொட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் மறுபடி விலகிவிடும். உருண்டைகளையே மாற்றினாலும் சிப்புக்குள் இருக்கும் கீறல் அப்படியேதான் இருக்கும். இது சிறு கடைகளின் பிரச்சினை மட்டுமில்லை. 2008 ஜூலையில் ஒரு பெரிய கிராபிக்ஸ் நிறுவனமே, லேப்டாப் சிப்களில் பேக்கேஜ் பொருள் பலவீனமாக இருந்ததற்காக 150 முதல் 200 மில்லியன் அமெரிக்க டாலர்வரை ஒதுக்குவதாக அறிவித்தது.

சித்தப்பா அடிமூடியைக் கழற்றினார். விசிறிக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல ஒரே படலமாக உரிந்து வந்தது. சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றியதும் 96 டிகிரி போய்க்கொண்டிருந்தது 81க்கு இறங்கியது. கோடு போகவில்லை. இதை இரண்டு வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

கடைசியில் காப்பாற்றியது பயாஸ், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் அமைப்புப் பக்கம். வீடியோ வேகமாக ஓட வேண்டும் என்று தம்பி எப்போதோ அதில் தனிச் சிப்பாக இருக்கும் கிராபிக்ஸ் மட்டும் வேலை செய்யும்படி வைத்திருந்தான். எஃப்2 அழுத்தி உள்ளே போய், பிராசஸரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸுக்கு மாற்றினேன். கோடு ஒன்றுகூட இல்லை. வீடியோ எடிட்டிங் இப்போது மெதுவாகத்தான் நடக்கிறது. என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ அந்தக் கெட்டுப்போன சிப் வழியாகவே போவதால் வகுப்பு புரொஜெக்டருக்கு யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. பக்கத்து ஊரான பிறையில் ஒருவர் சிப்பையே மாற்ற 650 வெள்ளி கேட்டார். பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்தான் என்று மறைக்காமல் சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது, ஆனால் மாற்றவில்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கடைக்குப் போகும் முன் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். கிராபிக்ஸ் சிப் செத்தாலும் உங்கள் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. கடையில் ஃபார்மட் செய்தால் எல்லாமே போய்விடும்.

*

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு கோலாலம்பூர், செந்தூலிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் கோடுதான், ஆனால் கதை வேறு. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தால் கோடு கூடும், குறையும். டிவியில் படம் சுத்தமாக வந்தது. லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் ஒருவர் உள்ளே போகும் ஸ்கிரீன் கேபிளைக் கழற்றி மாட்டியே 40 வெள்ளியில் முடித்தார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள் என்றும் சொன்னார். அந்தப் படத்திலேயே கோடு இருந்தால் ஸ்கிரீனைச் சந்தேகிக்க வேண்டாம். படம் சுத்தமாக இருந்தால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டீச்சர் சொன்ன பயாஸ் வழியைத் தங்கையின் லேப்டாப்பில் தேடினேன், அந்தத் தேர்வே அதில் இல்லை. அவளுடையதில் கோடும் கிடையாது, விண்டோஸ் ஏறும்போது அப்படியே கறுத்து நின்றுவிடும். அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் விண்டோஸை ஏற்றி, டிவைஸ் மேனேஜரில் தனி கிராபிக்ஸை மட்டும் முடக்கினேன். அதற்கு நேரே, சாதனத்தில் கோளாறு என்று பொருள்படும் பிழை 43 இருந்தது. நேற்று ராத்திரி மூன்று மணிநேரம் நிற்காமல் ஓடியது. இப்போது அதில்தான் அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருக்கிறாள்.