பழுக்க வைக்கும் சேம்பரில் வாழைக்காய் பச்சையாகவே கொழகொழக்கிறது, கள் வாடை அடிக்கிறது. உதவி தேவை

கோபி தோட்டம்:
வணக்கங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் 5 டன் சேம்பர் வைத்திருக்கிறேன். பழுக்க வைக்கும் ஈத்திலீன் கேஸ் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு), சூடு 17 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். மூன்று வருடமாக இதே கணக்குதான். போன இரண்டு லோடு ஜி9 ரக வாழைக்காயும் நான்காம் நாள்கூடப் பச்சை விடவில்லை. உரித்தால் கொழகொழவென்று, புளித்த கள் மாதிரி வாடை. வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார். கேஸ் பத்தவில்லையோ என்று கூட்டிப் பார்த்தேன், பலனில்லை.

சத்தி மண்டி:
சூடு 24-க்கு மேல் போனாலும் தோல் பச்சையாக நிற்க, உள்ளே பழுத்துவிடும் தம்பி. காய்க்குள் தெர்மாமீட்டர் செருகிப் பார்த்தீங்களா?

கோபி தோட்டம்:
பார்த்தேன் அண்ணா, 17.5தான்.

கோவை மாணவி:
சமீபத்தில் கதவில் ஏதாவது மாற்றினீர்களா? உள்ளே போனவர்களுக்குத் தலை வலித்ததா?

கோபி தோட்டம்:
ஆமாங்க! கரண்ட் பில் ஏறுகிறதென்று போன மாதம் கதவு ரப்பரைப் புதிதாகப் போட்டேன். கிரேட் எடுக்கப் போன பையனுக்குத் தலை கனத்து மூச்சு வாங்கியது.

கோவை மாணவி:
அப்படியானால் கரியமில வாயுதான். முதலில் ஆளைப் பாருங்கள்: கதவைத் திறந்து, காற்றாடி ஓடவிட்டு, அப்புறம்தான் யாரும் உள்ளே போக வேண்டும். வெளிக்காற்றில் 0.04 சதவீதம் இருக்கும் வாயு இது. 5 சதவீதம் ஆனாலே மூச்சு திணறும்.

காயும் மூச்சு விடுகிறது. பழுக்கும் வாழை கிலோவுக்கு மணிக்கு 50 மில்லி கரியமில வாயு விடுவதாக வைத்தால், 5 டன்னுக்கு 250 லிட்டர். அறையில் காற்று 40 கன மீட்டர் என்றால் இரண்டு மணி நேரத்தில் 1 சதவீதம் தாண்டும். பழைய ரப்பர் இடுக்கு வழியாக இதெல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தது.

கரியமில வாயு அளவு கூடினால் ஈத்திலீனின் வேலை தடைபடும், அதனால் நிறம் ஏறாது. நீங்கள் கேஸ் கூட்டியும் பலிக்காதது இதனால்தான். 7 சதவீதத்துக்கு மேல் காய் பச்சையாகவே மெத்தென்று ஆகும். இன்னும் கூடி, ஆக்சிஜனும் குறைந்தால் காயின் மூச்சு வழி மாறுகிறது: சர்க்கரை உடைந்து வரும் பைருவேட் முழுதாக எரியாமல் அசிட்டால்டிஹைடாகி, பிறகு எத்தனால் என்ற சாராயம் ஆகிறது. கள் வாடை அதுதான். இதே அசிட்டால்டிஹைடுதான் பெர்சிமன் பழத்தின் துவர்ப்பை எடுக்கிறது. அதற்கென்றே அதைக் கரியமில வாயுவில் வைப்பார்கள். வாழைக்கு அது ஆகாது.

கரியமில வாயு மீட்டர் ஒன்று வாங்கி 1 சதவீதத்துக்குள் வையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை அதோடு இணைத்துவிட்டால் ராத்திரி நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். அப்போது வெளியேறும் ஈத்திலீனை, ஈத்திலீன் விடும் ஜெனரேட்டர் ஈடுகட்டும்.

சத்தி மண்டி:
சரியான பேச்சு. புகை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்த காலத்தில் நாங்களும் மறுநாளே பிரித்துக் காற்றாட விடுவோம்.

கோபி தோட்டம்:
மீட்டர் வந்ததுங்க. கதவடைத்து ஒரு ராத்திரியில் 6 சதவீதம் காட்டியது! ஃபேன் மாட்டிவிட்டேன். இந்த லோடு நான்காம் நாள் நல்ல மஞ்சள், வாடையே இல்லை. பையனும் நலம். ரொம்ப நன்றிங்கம்மா.